பதிகம் பின்னால பாடிக்கொண்டிருக்கு

அதுக்கு நான் என்ன செய்யிறது தம்பி, நீ எடுக்கிற நேரம் பாத்துத்தான் நீ அனுப்பின போன் யோசிக்கத் தொடங்குது. மணி அடிக்குது, நான் ஓடிவந்து பச்சைப் பொத்தானை அமத்துறன், அது ஒண்டும் பேசாமல் நிண்டு யோசிக்குது, நான் கலோ கலோ எண்டு கத்துறன், நீ அங்க களைச்சுப்போய் வச்சிடுறாய், வச்சாப்பிறகு அதுக்கு யோசனை முடிஞ்சு எனக்கு உன்ர பேரைக் காட்டுது. பேந்து நீ பின்னறைச் சிவமணியின்ர போனுக்கு எடுத்து, பெரியம்மா ஏன் தூக்கிறா இல்லை, காது கேக்கிறேல்லையோ எண்டு கத்தினியாம். எனக்குக் காது நல்லாக் கேக்குது. பக்கத்து வீட்டில மீன் பொரியிறதும் கேக்குது, அது எங்களுக்கு விரத நாளெண்டு தெரிஞ்சும் பொரிக்கினம். கோவத்தில தொடங்கினதில முதல்ல எழுதவேண்டியதை எழுதாமல் விட்டிட்டன், இப்ப எழுதுறன்.

பிள்ளையார் துணை. கனடாவில இருக்கிற என்ர அன்பான பெறாமகன் கதிர்காமநாதனுக்கு, கொழும்பு வெள்ளவத்தையில இருந்து பெரியம்மா சிவக்கொழுந்து எழுதிக்கொள்ளுறது. நான் சுகம். சுகமெண்டு எழுதவேணும், அதால எழுதியிருக்கிறன். நீயும் உன்ர மனிசியும் சின்னவனும் அந்தக் குளிருக்க சளி பிடிக்காமல் இருக்க விநாயகப் பெருமானை வேண்டிக்கொண்டு விசயத்துக்கு வாறன்.

உன்ர அம்மா நேசம் உள்ளுக்க. உள்ளுக்க எண்டா எங்கையெண்டு உனக்குத் தெரியும், இந்தக் கடிதத்தை உடைச்சுப் பாக்கிறவைக்கும் தெரியும், பிறகேன் நான் எழுதுவான். அவவும் உன்ர அப்பாவும் எந்தக் கரையில செல்லடிக்குப் பயந்து எந்தத் தறப்பாளுக்குக் கீழ இருக்கினமோ, மாசியில வவுனியா ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மனிசி கண்டதெண்டு சொன்னதுக்குப் பிறகு ஒரு கதையுமில்லை. வெளியில வந்தா அவ முதல்ல எடுக்கப்போறது எனக்குத்தான், உனக்கில்லை. உன்ர நம்பர் ஒரு முழம் நீளம், அதையும் நீ வீடு மாறுற நேரமெல்லாம் மாத்திப்போட்டாய். என்ர நம்பரை அவ உள்ளுக்கப் போகப் பஸ் ஏறேக்கயே பாடமாக்கினவ. அக்கா, பை துலைஞ்சாலும் இது துலையாது எண்டு சொல்லிப்போட்டுத்தான் ஏறினவ. இப்ப பையெல்லாம் எங்க கிடக்குதோ. அதால தம்பி, உன்ர அம்மா வெளியில வாற கதவு இந்தப் போன்தான் எண்டு எனக்குத் தெரியும், நீ எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆனா நீ கதவை அனுப்பேக்க அதுக்குள்ள ஊரையும் ஏத்தி அனுப்பியிருக்கிறாய். பஞ்சாங்கம் ஒரு அப்ளிகேசன், நேரம் சொல்லுறது ஒண்டு, படம் பிடிக்கிறது ஒண்டு, மீன் மீனை விழுங்கிற விளையாட்டு ஒண்டு, அதை நான் விரத நாளில தொடுறேல்லை. பஞ்சாங்கத்தைத் திறந்த முதல் நாளே அது இங்கிலிசில ஏதோ கேட்டுது. எங்கட பின்னறையில சிவமணி எண்டு சாவகச்சேரி ஆள் இருக்குது, மனிசி பிரான்சில, அங்க போக விசாவுக்குக் காத்துக்கொண்டிருக்குது, நான் இந்த வாடகை அனெக்ஸுக்கு வந்த நாளில இருந்து நாளைக்கு வரும் நாளைக்கு வரும் எண்டுதான் சொல்லுது. அவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னன். 

"அக்கா, உங்கட போனில இருக்கிற பேர்களைத் தான் வாசிக்கலாமோ எண்டு பஞ்சாங்கம் கேக்குது." 

"ஏனாம்?" 

"ஆக்களின்ர பிறந்த நட்சத்திரம் சொல்லவாம்." 

"பொலிசுக்கும் குடுக்காதோ?" 

"அக்கா, பொலிசிட்டை உங்கட பேர் ஏற்கெனவே கிடக்கு, பதிஞ்ச துண்டை நீங்கள்தானே சாமிப்படத்துக்குப் பின்னால வச்சிருக்கிறியள்." 

அதுவும் சரியெண்டு ஓம் எண்டு அமத்தினன். கேட்டுது பார் தம்பி, கேட்டிட்டு நிண்டுது. இந்த ஊரில என்னட்டை விவரம் கேட்ட ஆக்களுக்குள்ள வேண்டாமெண்டு சொல்லவும் ஒரு பொத்தான் தந்தது பஞ்சாங்கம் மட்டும்தான்.

இப்ப பதிகத்தின்ர கதைக்கு வாறன். நீ அதுக்குள்ள ஏத்திவிட்ட சாமிப்பாட்டுக்களுக்குள்ள இடர் தீர்க்கிற பதிகம் ஒண்டு இருக்குது. மாசிக் கதை வந்த அண்டைக்கு நான் கோயிலுக்குப் போய் நேந்துகொண்டன், நேசத்தின்ர குரல் என்ர காதில கேக்குமட்டும் என்ர வீட்டில அந்தப் பதிகம் நிக்காது, தூண்டாமணி விளக்கு மாதிரி நிக்காமல் இருக்குமெண்டு. என்ர தொண்டையால ஏலாது, அதால சிவமணி போனில முடிய முடியத் திருப்பிப் பாடுற மாதிரி அமத்தித் தந்தவர். சாமித்தட்டில சந்தனப் பொட்டும் வச்சு, வயரையும் குத்திவிட்டன். அண்டையில இருந்து பகலும் பாடுது இரவும் பாடுது. சிவமணி ஒரு கிழமைக்குள்ள, அக்கா, எனக்குக் கனவிலயும் ஓதுவார் வாறார், விசாத் தாறன் எண்டு சொல்லிப்போட்டு அடுத்த அடிக்குப் போட்டார் எண்டார். நான் சொன்னன், தம்பி, உமக்கும் சேர்த்துத்தான் பாடுது, சும்மா இரும்.

அப்பதான் அது தொடங்கினது. எதைத் திறக்கப் போனாலும் ஒரு பெட்டி வந்து நிக்கும். சிவமணி வாசிச்சுச் சொன்னார், ஞாபகம் நிரம்பிட்டுதாம், சிலதை மூடிப்போட்டுத் திரும்பப் பாக்கட்டாம். எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு, நான் எதை மூடுறது எண்டு கேட்டன். அவர் தலையைச் சொறிஞ்சு, பஹ்மியாவிட்டைக் கொண்டுபோங்கோ எண்டார். பஹ்மியாவும் புருசன் ஜாபிரும் ஒழுங்கை முடக்கில போன் திருத்துற கடை வச்சிருக்கினம், நல்ல சனம், நோன்புக் கஞ்சி வைக்கிற நாளில எனக்கு மரக்கறிக் கஞ்சி புறம்பா வச்சுத் தாறவை.

பதிகத்தை நிப்பாட்டேலாது எண்டபடியால் பாடப் பாடப் பையுக்குள்ள போட்டுக்கொண்டு வெளிக்கிட்டன். இதுதான் நான் விட்ட பிழை. பாலத்தடிச் செக் பொயின்றில வரிசை. எனக்கு முன்னால நிண்ட சிங்கள மனிசி காதைக் குடுத்துக் கேட்டா. பிறகு என்னைப் பாத்தா, பையைப் பாத்தா, "பேக் எகேன் சத்தயக் எனவா" எண்டு ஒரு கத்து. பையுக்குள்ள சத்தமாம், குண்டெண்டு நினைச்சிட்டா. தம்பி, நான் கலியாணத்தில கூட அப்பிடித் தனிய நடுவில நிண்டதில்லை. முன்னால ஆளில்லை, பின்னால ஆளில்லை, ஐஸ்கிறீம் வண்டிக்காரனும் வண்டியை விட்டிட்டு ஓடிட்டான். பொலிஸ்காரன் துவக்கோட தூர நிண்டு, பையை நிலத்தில வையெண்டு கையால காட்டுறான். நான், "தெய்யங்கே சிந்துவக் மாத்தயா, தெய்யங்கே சிந்துவக்" எண்டு அழுதன், சாமிப்பாட்டு ஐயா எண்டு. ஒரு தடியால பையின்ர சிப்பைத் திறந்து போனை எடுத்தான். பொட்டு வச்ச போனைப் பாத்தோடன அவனுக்குக் கொஞ்சம் பயம் தெளிஞ்சுது. "வஹன்ன", மூடு எண்டான். எனக்கு மூடத் தெரியாது, தெரிஞ்சாலும் மூடமாட்டன். தானே சிவப்புப் பொத்தானை அமத்தினான். படம் மறைஞ்சுது, பாட்டுப் போகேல்லை. திரும்ப அமத்தினான். பாட்டு இன்னும் வடிவா வருது. ஆளைக் காணேல்லை, குரல் மட்டும் வருது. அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, தன்ர கழுத்தில கட்டியிருந்த நூலை ஒருக்காத் தொட்டிட்டு, கும்பிடுற மாதிரி ரெண்டு கையாலும் எடுத்து என்னட்டைத் தந்தான். "யன்ன அம்மே, யன்ன." போ அம்மா போ எண்டு. நான் நடுங்கி நடுங்கிப் போனன், பதிகம் நடுங்காமல் வந்தது.

கடையில ஜாபிர் என்னைக் கண்டோடன, "வாங்க மாமி, ஒங்களுக்கு முன்னுக்கு ஒங்கட கோயில் வந்திட்டு" எண்டார். பஹ்மியா போனை வாங்கி ஒரு பொத்தானை அமத்திப் பிடிச்சா. பாத்தா, நான் மூடினன் எண்டு நினைச்ச எல்லாம் வரிசையா நிக்குது. பஞ்சாங்கம் நிக்குது, மீன் நிக்குது, நேரம் சொல்லுறது நிக்குது, படம் பிடிக்கிறதும் நிக்குது. சிவமணி மாதிரித்தான், போட்டினம் எண்டு நினைக்கிறது, பின்னறையைத் திறந்து பாத்தா இருக்கினம்.

"மாமி, செவப்ப அமத்தினா ஆள் போறல்ல, பின்னுக்குப் போய் நிக்கிற" எண்டா பஹ்மியா. "ஒங்கட போனுக்கு ரெண்டு எடம் ஈக்கி. ஒன்னு அலுமாரி. பாட்டு, போட்டோ எல்லாம் மடிச்சு வெக்கிற. அதுல நெறய எடம் ஈக்கி. மத்தது குசினி மேச. இப்ப வேல செய்றவங்க சாமான் பரப்புற எடம். அது சின்ன எடம். நீங்க எல்லாரையும் கூப்பிட்டு மேசல சாமான பரப்பச் செல்லி, ஒருத்தரையும் எழும்பச் செல்லல்ல. கோல் வந்தா அதுக்கும் அந்த மேசல தான் எடம் வேணும். அது நின்டு எடம் தேடுற நேரத்துக்குத் தான் நீங்க யோசிக்குதுன்டு செல்ற." 

எனக்கு நல்லா விளங்கீட்டுது தம்பி. எங்கட அனெக்ஸில மூண்டு குடும்பத்துக்கும் ஒரு அடுப்பு, ஒரு மேசை. ஒருத்தி தேங்காய் துருவினபடி அப்பிடியே விட்டிட்டு நாடகம் பாக்கப் போனா நான் எங்க மரக்கறி வெட்டுறது?

"அப்ப ஒண்டின்ர சாமானை மற்றது எடுக்குமோ? பஞ்சாங்கம் என்ர ஆக்களின்ர பேரெல்லாம் வாசிச்சது, அதை மீனுக்குச் சொல்லியிருக்குமோ?" 

"இல்ல மாமி, ஒவ்வொன்னுக்கும் தனித்தனி அற. ஒருத்தன்ட சட்டிக்குள்ள மத்தவனுக்குக் கைய போடேலா. பேரெல்லாம் ஒரு எடத்துல பொதுவா ஈக்கி, தேவன்டா அங்க ஜன்னல்ல தட்டிக் கேக்கணும். ஒங்கள்ட்ட கேட்டுட்டுத் தான் குடுக்கிற." 

அந்தச் சின்னச் சாமானுக்குள்ள அப்பிடியொரு ஒழுங்கு. போன கிழமை எங்கட அனெக்ஸுக்குச் சோதினை போட வந்த பொலிசும் ஆமியும் தட்டேல்லை. என்ர அரிசிப் பேணிக்குள்ளயும் முழங்கைமட்டும் கையை விட்டுப் பாத்தவை, பிறகு நான் அந்த அரிசியைக் கழுவிக் கழுவி அது குறுணியாப் போட்டுது.

"மேசை நிரம்பி, நானும் ஒருத்தரையும் எழுப்பேல்லை எண்டா?" 

"போனே யாரையாச்சும் மூடும் மாமி. கேக்காது. முன்னுக்கு நிக்கிறவன மூடாது, அவன நீங்க பாத்துக்கிட்டு ஈக்கிற தானே. ஒருத்தரும் பாக்காம பின்னுக்கு நிக்கிறவனத் தான் மொதல்ல மூடுற." 

பஹ்மியா என்ர முகத்தைப் பாத்திட்டு எழும்பிப் போய் ஃபானைக் கூட்டிவிட்டா. ஜாபிர் ஒருக்கால் இருமினார்.

பேந்து அவர்தான் சொன்னார், மேசையில பாதியைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறது பதிகமாம், அதை மூடினாப் போன் பறக்குமாம். நான் நேத்தியைச் சொன்னன். 

"மாமி, நாங்களும் அல்லாஹ்ட்ட கேக்கிற தான். கேட்டுட்டு எழும்பிப் போய்க் கதவத் தொறக்கிற." 

"உங்கடையாள் கெதியாக் கேக்கிறவர் தம்பி, எங்கட பிள்ளையார் வயிறும் ஆளுமா ஆறுதலாத்தான் எழும்புவார், நிப்பாட்டினா திரும்பப் படுத்திடுவார்" எண்டன். பஹ்மியா சிரிச்சா. பதிகத்தை விட்டிட்டு மற்றதெல்லாத்தையும் மூடித் தந்தா, நானும் சந்தோசமா வந்திட்டன்.

சந்தோசம் எங்க நிக்குது. பஞ்சாங்கத்தை மூடினதால ராகு காலம் தெரியாமல் மாக்கெற்றுக்குப் போய் வழுக்கி விழுந்தன். நேரம் சொல்லுறதை மூடினதால விரதம் எப்ப முடியுதெண்டு தெரியாமல் பின்னேரம்மட்டும் பட்டினி கிடந்தன், சிவமணி வந்து, அக்கா, விரதம் நேற்றெல்லோ எண்டார். அதெல்லாம் போகட்டும். வருசப்பிறப்புக்கு முதல் ஒரு மத்தியானம், நான் முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கிறன், போன் அடிச்சுது. எழும்பிப் பாத்தா வவுனியா நம்பர். என்ர கை முழுக்க முருங்கையிலை. பச்சையை அமத்தினன். பதிகம் நிண்டுது, மணியும் நிண்டுது, ஒண்டும் வரேல்லை. நான், நேசம், நேசம், வையாதை, இது யோசிக்குது, வையாதை எண்டு சாமித்தட்டைப் பிடிச்சுக்கொண்டு கத்துறன். அந்தப் பெட்டி வந்து நிண்டுது, ஞாபகம் நிரம்பிட்டுதாம். பேந்து பதிகம் தானாத் தொடங்கிச்சு, விட்ட அடியில இருந்து. கோல் அறுந்துபோச்சு.

திரும்ப எடுக்கிறதுக்கு அது பட்ட பாட்டை நான் எழுதேல்லை. கடைசியா ஒரு ஆம்பிளை தூக்கினார். 

"அண்ணை, இப்ப இந்த நம்பரால எனக்கு ஆரோ எடுத்தவை." 

"இது சனம் காசு குடுத்துக் கோல் எடுக்கிற கொமினிக்கேசன் கடை அம்மா, ஆஸ்பத்திரிக்கு முன்னால." 

"எடுத்தது ஒரு மனிசியோ? என்னிலும் பாக்கக் கொஞ்சம் இளமை, மெலிஞ்ச ஆள்?" 

"அம்மா, இப்ப இஞ்ச வாற எல்லாரும் மெலிவுதான்." 

"கொழும்புக்கெண்டு கேட்டவவோ?" 

"எல்லாரும் கொழும்புக்குத்தான் கேக்கினம்." 

"அழுதவவோ?" 

பிறகு சொன்னார், "ஒரு அம்மா வந்தவ. துண்டொண்டும் இல்லை, நம்பரை வாயால சொன்னவ. அடிச்சிட்டு நிண்டிட்டுது எண்டோடன திரும்பிப் போயிட்டா. கூட ஆமி நிண்டவன், கனநேரம் விடமாட்டாங்கள்." 

வாயால சொன்னவ! தம்பி, அது நேசம்தான். வேற ஆர்?

நான் முருங்கையிலையைக் கழுவிப்போட்டு, சாமித்தட்டுக்கு முன்னால போய் நிண்டன். பிள்ளையாரே, நீரே சொல்லும் எண்டு கேட்டுப் பாத்தன். பஹ்மியா காட்டித் தந்த மாதிரிப் பொத்தானை அமத்திப் பிடிச்சு, பதிகத்தை மூடினன். ஒரு பாட்டு நடுவில, சொல்லும் முடியேல்லை. அந்த ஓதுவார் வாயைத் திறந்தபடி நிக்கிற மாதிரிக் கிடந்துது. வீடு அப்பிடியொரு அமைதி, பின்னறையில இருந்து சிவமணி துவாயோட ஓடிவந்து, என்னக்கா, என்ன நடந்தது எண்டார். இவ்வளவு நாளும் அதைத் திட்டின ஆள். அவரும் நானும் சாமித்தட்டுக்கு முன்னால நிண்டம். நேத்தியை முறிச்ச பாவம் என்னோட கிடக்கட்டும், நேசத்தில பிடிக்கவேண்டாம் எண்டு தேங்காய் ஒண்டு உடைச்சன்.

இப்ப போன் பறக்குது. அமத்தமுதல் திறக்குது. பஞ்சாங்கம் திறக்குது, மீன் திறக்குது, நீ நேற்று எடுத்தாய், உடன தூக்கினன். வவுனியாவால மட்டும் ஒண்டுமில்லை. நான் குளிக்கப் போனாலும் சிவமணியைப் போனுக்குக் காவல் வச்சிட்டுத்தான் போறன். இடமெல்லாம் வெறுமையாத்தான் கிடக்கு, வாறதுக்குத்தான் ஒருத்தருமில்லை.

அதால நீ இனிப் பெரிய போன் அனுப்பவேண்டாம், புது அப்ளிகேசன் ஒண்டும் ஏத்தவும் வேண்டாம். உன்ர அம்மா வெளியில வந்திட்டா, ஆஸ்பத்திரியடிமட்டும் வந்திருக்கிறா, என்ர நம்பர் அவவுக்கு மறக்கேல்லை, இது நான் உனக்குத் தாற உறுதி. அப்பாவும் கூட இருப்பார், ஆமிக்குப் பக்கத்தில நிக்கப் பயந்து தள்ளி நிண்டிருப்பார், அந்தாளின்ர குணம் உனக்குத் தெரியும்தானே. அங்க இருக்கிற கோயிலில ஒரு அர்ச்சனை செய்வி, மனிசிக்குச் சொல்லு, சின்னவனுக்கும் அப்பம்மா வாறா எண்டு சொல்லு. மத்தியானத்தில எனக்கு எடுக்காதை, லைனை விட்டு வை.

உனக்கும் உன்ர குடும்பத்துக்கும் ஒரு குறையும் வராமல் அந்த ஆனைமுகத்தான் முன்னால நிண்டு காக்கட்டும், பின்னால நிக்கிற எங்களையும் ஒருக்காத் திரும்பிப் பாக்கட்டும். திருநீறு கொஞ்சம் மடிச்சு வச்சிருக்கிறன், சின்னவன்ர நெத்தியில பூசிவிடு.

இப்படிக்கு,
உன்ர பெரியம்மா
சிவக்கொழுந்து

பி.கு: கடிதத்தை ஒட்டமுதல், என்ர நம்பரை உனக்கு இன்னொருக்கா எழுதிவிடுவம் எண்டு பேனையை எடுத்தனான். நேசம் பஸ் ஏறேக்கச் சொன்ன மாதிரி வாய்க்குள்ள சொல்லிச் சொல்லி எழுதினன், எழுதி முடிச்சுப் பாத்தா இது இந்தப் போனின்ர நம்பரே இல்லை. நேசம் பாடமாக்கினது பெரியப்பாவின்ர பேரில இருந்த சிம்மின்ர நம்பரை. செத்த ஆளின்ர பேரில சிம் வச்சிருந்தாப் பிடிப்பாங்கள் எண்டு சனம் சொல்ல, உன்ர போன் வந்த அண்டைக்கு என்ர பேரில புதுச்சிம் எடுத்தனான், அது அவ உள்ளுக்கப் போனதுக்குப் பிறகு. அப்ப அண்டைக்கு எடுத்தது வேற ஆரோ ஒரு மனிசி, ஒரு இலக்கத்தை மாறிச் சொன்னவவோ என்னவோ, அவவின்ர அக்காவும் எங்கையோ போனைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பா. பழைய சிம்மை நான் எறியேல்லைத் தம்பி, பழைய போனுக்குள்ளதான் கிடக்கு, சீலைப் பெட்டியின்ர அடியில, தை மாசத்தில இருந்து சார்ஜ் இல்லாமல்.